தேய்ந்த பாகத்தைத் துடைக்காதீர்கள்

ஆலைகளின் பராமரிப்புப் பிரிவுகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் ஃபிட்டர்களுக்கும் லேத் ஆபரேட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

நான் உலோக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். உடைந்தது, தேய்ந்தது, சுழலாமல் பிடித்துக்கொண்டது என்று பலவிதப் பாகங்கள் என் மேசைக்கு வரும். ‘ஏன் இப்படி ஆச்சு?’ என்ற கேள்வியும் கூடவே வரும். நியாயமான கேள்விதான். ஆனால் பாகம் வந்து சேரும் கோலத்தைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, காட்டன் வேஸ்டால் துடைத்து, அதுவும் போதாதென்று எமரி தாளால் ஒரு தேய் தேய்த்து, பளபளவென்று அனுப்பிவைக்கிறீர்கள். அழுக்கோடு கொடுக்கக் கூடாது என்ற மரியாதைதான் காரணம், புரிகிறது. என்ன செய்வது, எனக்கு வேண்டிய பதில் அந்த அழுக்கிலும் அதற்குக் கீழே இருந்த சில மைக்ரான் உலோகத்திலும்தான் இருந்தது. அதை எமரி தாள் கொண்டுபோய்விட்டது.

அந்தச் சில மைக்ரானைப் பற்றித்தான் இந்த மடல்.

50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 49.8 ஆகிவிட்டது என்றால், 0.2 போய்விட்டது, மிச்சம் பழைய எஃகு என்று கணக்குப் போடுகிறோம். மைக்ரோமீட்டர் அதற்கு மேல் எதையும் சொல்லாது. போன 0.2 உண்மை. மிச்சம் பழைய எஃகு என்பது உண்மையில்லை. உரசிக்கொண்டே ஓடிய மேல்தோல் நீங்கள் கடையில் வாங்கிய உலோகமாக இப்போது இல்லை. அதன் உள்ளமைப்பு மாறியிருக்கும், கடினம் மாறியிருக்கும், சில நேரம் அதில் கலந்திருக்கும் பொருள்களே மாறியிருக்கும்.

நம்பச் சிரமமாக இருந்தால், உங்கள் கையாலேயே செய்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் தகட்டில் மழுங்கிய பிட்டை வைத்துத் துளை போட்டால் என்ன ஆகிறது? பிட் வெட்டாமல் உரசும். கொஞ்ச நேரத்தில் துளையின் அடி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்புறம் புது பிட் போட்டாலும் லேசில் இறங்காது. தகடு முழுக்க அதே தகடுதான்; உரசல் பட்ட அந்த வட்டம் மட்டும் வேறு உலோகம் மாதிரி நடந்துகொள்கிறது.

304 ரகத்தில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் இருப்பதால் இரும்பு அணுக்கள் ‘ஆஸ்டெனைட்’ என்ற வரிசையில் அடுக்காக நிற்கின்றன. அந்த வரிசையைக் காந்தம் இழுக்காது. ஆனால் சாதாரண வெப்பத்தில் அது அரைமனதாகத்தான் நிற்கிறது. அழுத்தி இழுத்தால், பல இடங்களில் ‘மார்ட்டென்சைட்’ ஆகச் சட்டென்று மாறிவிடும். மார்ட்டென்சைட் கெட்டியானது, காந்தத்தில் ஒட்டும். எவர்சில்வர் பாத்திரத்தின் தட்டையான இடத்தில் ஒட்டாத காந்தம், அழுத்தி வளைத்த மூலையில் லேசாக இழுப்பதற்கும் இதுதான் காரணம். எண்ணெய் இல்லாமல் 304 உரசித் தேயும்போதும் இதே மாற்றம் நடக்கிறது. அதனால் உதிர்ந்த தூள் காந்தத்தில் ஒட்டுவது சாதாரணம். ‘தூள் காந்தத்தில் ஒட்டுது, அப்போ இது அசல் 304 இல்லை, சப்ளையர் ஏமாத்திட்டான்’ என்று சண்டைக்குப் போகும் முன், இதைக் கொஞ்சம் யோசியுங்கள். எதிர்ப் பக்கம் ஓடியது சாதா எஃகா என்றும் பாருங்கள். தூள் அதிலிருந்தும் வந்திருக்கலாம்.

சும்மா உரசுவதில் இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். ஃபிராங்க் ஃபிலிப் பௌடனும் டேவிட் டேபரும் கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் துருவினார்கள். உராய்வைப் பற்றிய அவர்களுடைய பெரிய நூல் 1950இல் வந்தது. எவ்வளவு நன்றாக கிரைண்ட் செய்த பரப்பும் அருகில் போய்ப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகள் சேரும்போது மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன. கணக்கு எளிது. எஃகின் கடினம் சதுர மில்லிமீட்டருக்கு 200 கிலோ என்று வையுங்கள். அதன் மேல் 10 கிலோ சுமை. 10-ஐ 200-ஆல் வகுத்தால் 0.05 சதுர மில்லிமீட்டர். பார்வைக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் முகம் ஒட்டியிருந்தாலும், உண்மையில் சுமை தாங்குவது அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் புள்ளிகளில் அழுத்தம் எஃகு தாங்கும் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதோடு பக்கவாட்டில் இழுப்பும் சேர்கிறது. உலோகம் வழியாமல் என்ன செய்யும்? ஒரு நுனி போனால் அடுத்த நுனி, ஒரு சுற்றுக்கு ஒரு முறை, நாளெல்லாம். அந்த நுனிகளில் ஒரு கண நேரத்துக்கு வெப்பம் பல நூறு டிகிரி ஏறக்கூடும் என்பதை பிளாக் என்ற டச்சு ஆய்வாளர் 1937இலேயே கணக்கிட்டுக் காட்டினார். ஷாஃப்டைக் கையால் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த ஷாஃப்டை வெட்டிப் பார்ப்போம். உரசல் போன திசையோடு, மேற்பரப்புக்குச் செங்குத்தாக வெட்டி, வெட்டு முகத்தை மெருகேற்றி, ஸ்பிரிட்டில் கலந்த கொஞ்சம் நைட்ரிக் அமிலத்தை ஒற்றி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். எஃகை இப்படிப் பார்க்கும் வழியைத் திறந்தவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி, 1863 வாக்கில். நீங்கள் தினமும் கடையும் இஎன் 8 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகில் ‘பெர்லைட்’ தெரியும்: மெத்தென்ற இரும்பும் கெட்டியான இரும்புக் கார்பைடும் மாறி மாறி மெல்லிய தகடுகளாக அடுக்கியது. ஆழத்தில் இந்தத் தகடுகள் எந்தத் திசையில் பிறந்தனவோ அந்தத் திசையிலேயே நிற்கும். கண்ணை மேலே கொண்டுவரக் கொண்டுவர, எல்லாம் உரசல் போன பக்கமாகச் சாயத் தொடங்கும். இன்னும் மேலே, முழுக்கப் படுத்துப் பரப்புக்கு இணையாக ஓடும். உச்சியில் தகடு எது, இடைவெளி எது என்று சாதாரண நுண்ணோக்கியால் பிரித்துச் சொல்ல முடியாது. சாய்வின் ஆழம் சுமையையும் எண்ணெயையும் பொறுத்துச் சில மைக்ரானிலிருந்து நூறு மைக்ரான் வரை போகும். படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எந்தப் பக்கம் சுழன்றது, எவ்வளவு கடுமையாக உரசியது என்பதையெல்லாம் உலோகம் தானே எழுதிவைத்திருக்கும்.

உச்சியில் உள்ள அந்தத் தெளிவில்லாத பகுதிதான் விஷயமே. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு அதற்குள்ளும் நுழைய முடிந்தது. ஆழத்தில் 20 மைக்ரான் அளவில் இருந்த படிக மணிகள் அங்கே 100 நானோமீட்டருக்கும் கீழே நொறுங்கியிருந்தன. ஒரு மணி இருந்த இடத்தில் லட்சக்கணக்கான மணிகள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரிக்னி பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். அவர் வலியுறுத்திய ஒரு சேதி: அந்த உச்சி அடுக்கில் இருப்பது ஒரே உலோகமல்ல. எதிர்ப் பரப்பிலிருந்து பெயர்ந்து ஒட்டியது, காற்றின் ஆக்சிஜன், தன் சொந்த உலோகம் மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. பரோட்டா மாவை வீசி, மடித்து, மறுபடி வீசுவது மாதிரி, ஒவ்வொரு உரசலும் இவற்றை மடித்து மடித்து மெல்லிய அடுக்குகளாக்கிக் கடைசியில் ஒன்றாக்கிவிடுகிறது. செம்பும் இரும்பும் திட நிலையில் ஒன்றில் ஒன்று கரைவது மிகமிகக் குறைவு. எஃகின் மேல் செம்பு உரசிய இடத்தில் அவையும் இப்படிப் பின்னிக் கிடந்தன.

இதற்கு முன்னால் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெயில்பி என்ற விஞ்ஞானி, உலோகத்தை மெருகேற்றினால் அதன் மேல்தோல் உருகி வழிந்தது போலாகிப் படிக அமைப்பே இல்லாத ஒரு படலமாகிவிடுகிறது என்றார். பல ஆண்டுகள் பாடநூல்கள் அதை ஏற்றுக்கொண்டிருந்தன. பின்னால் லெனர்ட் சாமுவேல்ஸ் போன்றவர்கள் நிதானமாக ஆராய்ந்து, மெருகேற்றல் என்பது பெரும்பாலும் நுண்ணிய வெட்டுதான், மிஞ்சுவது கசங்கிய படிக உலோகம்தான் என்று காட்டினார்கள். உங்களுக்கு இதனால் ஒரு செய்தி உண்டு. எமரி தாள் போட்டுத் தேய்த்தால் பழைய கதை அழிவது மட்டுமில்லை. எமரி தன் கசங்கலை அங்கே புதிதாக எழுதிவிடுகிறது. நான் பார்ப்பது இயந்திரம் செய்ததையா, உங்கள் கை செய்ததையா என்றே பிறகு தெரிவதில்லை.

‘ஹார்ட்னஸ் பார்த்துட்டோம் சார், சரியா இருக்கு’ என்று அடிக்கடி சொல்கிறீர்கள். தேய்மானத்துக்கு ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் 1953இல் கொடுத்த சூத்திரம் இன்றும் கல்லூரியில் நடத்தப்படுகிறது: சுமையும் உரசிய தூரமும் கூடக் கூடத் தேய்மானம் கூடும், கடினம் கூடினால் குறையும். பிழையில்லை. ஆனால் எதனுடைய கடினம்? ராக்வெல் இயந்திரத்தின் வைரக்கூம்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். உரசலைத் தாங்கும் அடுக்கோ பல சமயம் 10 மைக்ரான்கூட இருக்காது. கூம்பு அதைத் துளைத்துக்கொண்டு அடியில் உள்ள பழைய எஃகைத்தான் அளக்கிறது. மேலே மென்மையாகிப் போயிருந்தாலும் ‘சரியா இருக்கு’தான், கண்ணாடியாகக் கெட்டித்திருந்தாலும் ‘சரியா இருக்கு’தான். அந்த அடுக்கை அளக்க வேண்டுமானால், வெட்டிய முகத்தில் சில கிராம் சுமையில் விக்கர்ஸ் நுண்கடினம் பார்க்க வேண்டும்.

மேல்தோல் இப்படிக் கெட்டிப்பதன் உச்சத்தைத் தண்டவாளத்தில் பார்க்கலாம். சக்கரம் உருள்வதோடு கொஞ்சம் வழுக்கவும் செய்யும் இடங்களில், தண்டவாளத்தின் தலையில் ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகிறது. அமிலம் ஒற்றினால் அடியில் உள்ள பெர்லைட் கறுக்கும். இந்த அடுக்கு மட்டும் வெள்ளையாகவே நிற்கும். தண்டவாள எஃகின் கடினம் சுமார் 300 விக்கர்ஸ் என்றால், இது 800-ஐத் தாண்டும். வழுக்கலில் சூடேறிச் சட்டென்று குளிர்ந்ததால் உண்டான மார்ட்டென்சைட் இது என்பது ஒரு கட்சி. சூடே தேவையில்லை, திரும்பத் திரும்பக் கசங்கியதில் கார்பைடு தகடுகள் கரைந்து கார்பன் இரும்புக்குள் இறங்கிவிட்டது என்பது இன்னொரு கட்சி. இரண்டும் இடத்துக்குத் தக்கபடி நடக்கிறது என்பதே என் கருத்து. ஓட்டுநருக்கும் பாதை பராமரிப்பவருக்கும் முக்கியமானது விளைவுதான்: அந்தக் கெட்டி அடுக்கு நொறுங்கும் இயல்புடையது, விரிசல் அங்கிருந்து கிளம்பிக் கீழே இறங்கும். எண்ணெய் நின்று புஷ் பிடித்துக்கொண்ட ஷாஃப்டிலும் இத்தகைய வெள்ளைத் திட்டுகளைப் பார்க்கலாம். மறுபடி கடையும்போது டூல் ஓரிடத்தில் மட்டும் கீச்சிட்டு வழுக்குகிறதா? டூலைத் திட்டாதீர்கள். அந்த இடத்தைக் குறித்துவையுங்கள்.

கெட்டிப்பது எப்போதும் கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். கல் குவாரி கிரஷரில் மாட்டும் மாங்கனீஸ் பிளேட்டை எல்லோருக்கும் தெரியும். ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டுபிடித்த எஃகு அது: சுமார் 12 சதவீத மாங்கனீஸ், ஒரு சதவீதத்துக்கும் மேல் கார்பன். புதிதாக வரும்போது அதன் கடினம் 200 பிரினெல் அளவில்தான், காந்தமும் ஒட்டாது. கல் மோத மோத மேல்தோல் 500 வரை ஏறிவிடும். உள்ளே முறியாத மென்மை அப்படியே இருக்கும். தேய்ந்து மேல்தோல் போனாலும், அடியில் அடுத்த தோல் கெட்டித்துக்கொள்ளும். அற்புதமான சரக்குதான், சரியான இடத்தில். மோதல் இல்லாமல் மணல் மட்டும் மெதுவாகச் சறுக்கும் சரிவுத் தொட்டியில் கொண்டுபோய் இதையே மாட்டி, ‘மாங்கனீஸ் போட்டும் தேயுதே’ என்று நொந்துகொள்பவர்கள் உண்டு. மணல் கீறிக்கொண்டு போகுமே தவிர, அதைக் கெட்டிப்படுத்தும் அளவுக்கு அழுத்தாது. விலை கொடுத்து வாங்கிய குணம் அங்கே விழித்தே எழாது.

சாதா எஃகும் சில நேரம் இப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும். 1965இல் வெல்ஷ் என்பவர் எண்ணெயே இல்லாமல் எஃகின் மேல் எஃகை ஓட்டிப் பார்த்தார். சுமையைக் கூட்டக் கூட்டத் தேய்மானம் ஓரிடத்தில் நூறு மடங்குக்கு மேல் எகிறியது. இன்னும் கூட்டினால் இன்னும் எகிற வேண்டுமல்லவா? சடாரென்று விழுந்துவிட்டது. உரசல் சூட்டில் மேல்தோல் தானே பதம் ஏறிக் கெட்டித்து, ஆக்சைடு போர்வையும் போர்த்திக்கொண்டதுதான் காரணம். லோடைக் குறைத்தால் தேய்மானம் குறையும் என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், இந்தச் சோதனையை நினைவுபடுத்துங்கள்.

வார்ப்பிரும்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் கிராஃபைட் பரப்பில் வழிந்து பூசிக்கொள்ளும். லேத் பெட்டும் லைனரும் அத்தனை காலம் உழைப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கோவைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு தனிப் பேச்சு. சப்மெர்சிபிள் மோட்டாரில் ஈயம் கலந்த வெண்கல புஷ், கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட், நடுவில் தண்ணீர். ஈயம் செம்பில் கரையாது. குட்டிக் குட்டி உருண்டைகளாக நிற்கும். உரசல் அந்த உருண்டைகளை நசுக்கி இழுத்து மேலே படலமாகப் பூசுகிறது. தண்ணீர்ப் படலம் அறுந்துபோகும் நேரங்களில், குறிப்பாக மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும், அந்த ஈயப் படலம்தான் காப்பாற்றுகிறது. இதுவரை சரி. ஆனால் கெட்டி ஷாஃப்ட் பள்ளம் விழுந்து தேய்ந்திருக்க, மெத்தென்ற புஷ் நன்றாகவே இருக்கும் விசித்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘ஷாஃப்ட் மெட்டீரியல் மட்டம்’ என்று தீர்ப்பும் சொல்லியிருப்பீர்கள். குற்றவாளி மணல். போர் தண்ணீரோடு வந்த மணல் துகள் மென்மையான புஷ்ஷில் பதிந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டு, எதிரே சுற்றும் ஷாஃப்டைக் கீறுகிறது. புஷ் எமரி தாளாகவே மாறிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு வேண்டியது ஷாஃப்ட் அல்ல, புஷ். நீங்களோ ஷாஃப்டை மட்டும் அனுப்பிவிட்டு, புஷ்ஷைக் காயலாங்கடையில் போட்டுவிடுகிறீர்கள்! தேய்மானம் எப்போதும் இருவர் செய்த வேலை. ஒருவரை மட்டும் விசாரித்தால் உண்மை வராது.

தூளும் சாட்சிதான். 1973இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நாம் சூ என்ற ஆய்வாளர், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, கசங்கிய பகுதியில் நுண் குழிகள் பிறந்து, அவை சேர்ந்து பரப்புக்கு இணையாக விரிசலாக ஓடி, உலோகம் தகடு தகடாக உரிகிறது என்று விளக்கினார். எல்லாத் தேய்மானத்துக்கும் அது பொருந்தாது. ஆனால் எண்ணெயில் மெல்லிய தகட்டுத் துகள் மிதந்தால் அந்தக் கதையை முதலில் சந்தேகிக்கலாம். லேத் சுருளைப் போலக் குட்டிச் சுருள்கள் இருந்தால் ஏதோ ஒன்று வெட்டியிருக்கிறது. மணலோ, பதிந்த கெட்டித் துகளோ. வைக்கோல் நிறமும் நீலமும் ஓடிய துகள் என்றால் சூடு. ‘ஃபெரோகிராஃபி’ என்று ஒரு முறையே 1970களில் இதற்காக உருவானது. எண்ணெயிலிருந்து இரும்புத் துகள்களைக் காந்தத்தால் கண்ணாடிச் சில்லின் மேல் வரிசைப்படுத்திப் பார்ப்பார்கள்.

ஆகவே சில வேண்டுகோள்கள். பாகத்தைக் கழற்றும் முன், எந்தப் பக்கம் சுழன்றது என்று பெயின்ட் மார்க்கரால் ஓர் அம்புக்குறி போடுங்கள், உரசாத இடத்தில். அம்புக்குறி இல்லாவிட்டால் எந்தப் பக்கம் வெட்டுவது என்று நான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எதிர்ப் பாகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய எண்ணெயைக் கொட்டும் முன் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துவையுங்கள். எண்ணெய் இல்லையென்றால் ஒட்டியிருக்கும் தூளை ஒரு காகிதத்தில் தட்டி மடித்துக் கொடுங்கள். பெரிய பாகம் என்று காஸ் கட்டரால் அறுக்காதீர்கள். அந்தச் சூடு உரசல் செய்ததையெல்லாம் அழித்துவிடும். ஹாக்ஸாவில், கூலன்ட் ஊற்றி, தேய்ந்த இடத்திலிருந்து தள்ளி அறுத்தால் போதும். துரு பிடிக்குமே என்று பயந்தால், தேய்க்காமல் சுத்தமான எண்ணெயை ஒரு சொட்டு விட்டு பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள்.

முதலாளிகளையும் பொறியாளர்களையும் இந்த மடலில் நான் அழைக்கவில்லை. அவர்கள் கைக்கு அறிக்கைதான் போகிறது. பாகம் முதலில் வருவது உங்கள் கைக்கு. அறிக்கையில் ‘காரணம் உறுதியாகக் கூற இயலவில்லை’ என்ற வரியைப் பார்த்துவிட்டு ஆய்வுக்கூடத்தைக் குறை சொல்கிறார்கள். அந்த வரியில் ஒரு பங்கு பட்டறைத் துணிக்கும் உண்டு.

பக்கத்தில் உள்ள பொறியியல் கல்லூரியில் உலோகவியல் துறையோ இயந்திரவியல் துறையோ இருந்தால், அங்கே நுண்ணோக்கி அநேகமாக இருக்கும். பயிற்சிக்காகத் தரும் எஃகுத் துண்டுகளையே மாணவர்கள் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பட்டறையில் பிடித்துக்கொண்ட ஒரு ஷாஃப்டையும் அதன் புஷ்ஷையும் அவர்களுக்குக் கொடுத்து, வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்போது நீங்களும் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பாகங்களைப் பார்த்துப் பிழைக்கும் ஒருவன்